கோப்பில் இல்லாத மச்சான்

மச்சானை மறுபடியும் வெளியே தள்ளியது யார் என்று கேட்கத்தான் மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்.

மச்சான் என்றால் முதலாளியின் மச்சான். முதலாளி அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆபீஸ் முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. எதிரில் வந்தால் மட்டும் 'மச்சான் சார்'.

கண் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர்களின் வரிசையை, பல ஆஸ்பத்திரிகளுக்காக வைத்துப் பார்த்துக்கொள்கிற ஆபீஸ் அது. அந்த வரிசை பதிந்திருக்கிற டேட்டாபேஸுக்கு அவள்தான் பொறுப்பாளர். வரிசைக்குள் நேராகப் போய்க் கைவைக்க மச்சானுக்கு மேலாளரே அனுமதி போட்டுக் கொடுத்திருந்தார். போட்ட ஒரு நிமிஷத்தில் அது காணாமல் போனது. திரும்பப் போட்டார். திரும்பவும் போனது. மச்சான் ஒற்றை விரலால் தட்டுகிறவர். பாஸ்வேர்டை அடித்து முடிப்பதற்குள் தெருவில் நின்றார்.

"முதலாளி வீட்டு ஆள்கிட்டயே உன் வேலையைக் காட்டறியாம்மா?"

"நான் தொடவே இல்ல சார். காவல்காரன் வேலை அது."

காவல்காரன் ஆள் இல்லை, ஒரு புரோகிராம். கொண்டுவந்தவரும் மேலாளரேதான். கன்டெய்னர் என்கிற தனித்தனிப் பெட்டிகளில் டேட்டாபேஸ் மூன்று பிரதிகளாக ஓடுகிறது. எப்படிச் செய்வது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். என்ன வேண்டும் என்று மட்டும் ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும்: மூன்று பிரதி ஓடணும், இன்னின்னார்தான் உள்ளே வரலாம். காவல்காரன் நிமிஷத்துக்கு ஒருதரம் கோப்பையும் நடப்பையும் ஒத்துப் பார்ப்பான். ஒரு பிரதி படுத்துவிட்டால் வேறொன்றை எழுப்பிவிடுவான். கோப்பில் பேர் இல்லாத ஆள் உள்ளே இருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவான்.

தொடங்கிய அன்று மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். "எழுதி வை, தானா நடக்கும். மனுஷக் கையே வேண்டாம்." அன்றிலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் 'எழுதிவை சார்'.

"அவர் முதலாளியோட மச்சான்னு அந்தக் காவல்காரனுக்குச் சொல்லு."

"அவனுக்கு உறவுமுறை தெரியாது சார்."

"அப்ப கொஞ்ச நேரம் நிறுத்தி வை."

"நிறுத்தணும்னாலும் கோப்புலதான் எழுதணும். யார் கேட்டாங்க, எதுக்காகன்னு பக்கத்துலயே போடணும். எழுதின உடனே அதோட நகல் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயிடும். நீங்க போட்ட விதிதான் சார்."

தான் மாட்டிய பூட்டுக்குத் தானே சாவி தேடுகிறவர் மாதிரி மேலாளர் மேஜையைத் துழாவினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவள் பேரைப் போட்டு, பராமரிப்பு வேலைக்காக என்று காரணம் எழுதி மச்சானைச் சேர்த்துவிடச் சொன்னார். சாயங்காலத்துக்குள் நடக்கவில்லை என்றால், நாளையிலிருந்து அவள் வரவேண்டியதில்லை.

அவள் வீட்டுக்காரர் வேலை போய் வீட்டோடு இருக்கிறார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் வரிசையில் இருக்கிறவர்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள்தானே.

"பொய்க் காரணம் எழுத மாட்டேன் சார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

மேஜை போன் அடித்தது. முதலாளி அறையிலிருந்து மச்சான். இவள் திமிரை அவரே கேட்கட்டும் என்று மேலாளர் ஸ்பீக்கரைத் தட்டினார். மச்சான் யாரையும் பேசவிடவில்லை.

"என்னய்யா, என்னை வச்சுக் கண்ணாமூச்சி ஆடறீங்களா? பெரிய காரியம் ஒண்ணும் இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில நாளைக்குக் காலைல முதல் ஆபரேஷன் யாரோ ஒரு கிழவிக்காம். அதைக் கீழ இறக்கிட்டு என் சிநேகிதனை ஏத்தணும். கிழவி இன்னும் ரெண்டு மாசம் தடவித் தடவி நடந்தா குடியா முழுகிடும்?"

"முதல் ஆபரேஷனா சார்?" என்று மேலாளர் கேட்டார்.

"ஆமா, முதல்தான்."

மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"மன்னிக்கணும் சார். கோப்புல இல்லாதவங்க உள்ள வர முடியாது. அந்த வரிசைக்கு முதலாளியும் ஒண்ணுதான், ஏழைக் கிழவியும் ஒண்ணுதான். என் வேலையே போனாலும் அந்த அம்மாவை அசைக்க விடமாட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து முதலாளியின் குரல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மச்சானை வாயை மூடச் சொன்னார். இப்படி ஒரு மனுஷன் தன்னிடம் வேலை பார்ப்பது தனக்குத்தான் பெருமை என்றார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன் சார்."

அவர் பெருந்தன்மையோடு கையை அசைத்தார். வேலை போகாது, போய் ஆகவேண்டியதைப் பார் என்று அனுப்பினார்.

வெளியே வந்தவள் கதவைச் சாத்தத் திரும்பினாள். மேலாளர் முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவைக் கவலைப்படாம தூங்கச் சொல்லு. நாளைக்கு முதல் ஆபரேஷன் அவங்களுக்குத்தான், எவனாலயும் அசைக்க முடியாது. வரிசைக் கடைசில கிடந்தவங்களை, காவல்காரன் வர்றதுக்கு முந்தின நாள் என் கையாலேயே தூக்கி முன்னால வச்சேன். அதுக்கப்புறம்தானே கதவையே பூட்டினேன்."