மேல் வீட்டுச் சத்தம்

தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் எங்கள் மகன்தான் கோல்கீப்பர். மைதானத்துக்குக் கூப்பிட்டான். நான் போகவில்லை, வீட்டில் டிவி பார்ப்பதற்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திடீரென்று மேல் வீட்டில் யாரோ "கோல்!" என்று கத்தினார்கள். எங்கள் டிவியில் பந்து அப்போதுதான் மைதானத்தின் நடுவில் உருண்டுகொண்டிருந்தது. சற்று நேரத்தில் மகனின் அணி கோல் போட்டது.

"அவங்க டிவியில முன்னாடியே வந்துடுது போல."

"மேல் வீடு காலியாத்தானே கிடக்கு? சாவி நம்மகிட்டதாங்க இருக்கு," என்றாள் மனைவி.

"சும்மா ஆட்டத்தைப் பாரு."

எதிரணி பதில் கோல் போட்டபோதும் மேலே "அடச்சே!" என்ற குரல்தான் முதலில் வந்தது. பிறகுதான் பந்து வலைக்குள் போனது. நானும் "அடச்சே!" என்றேன். மனைவி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டும் ஒரே குரல்.

ஆட்டம் பெனால்டிக்குப் போனது. மகன் கையுறைகளைத் தட்டிக்கொண்டு, சிரித்தபடி கோல் கம்பத்தை நோக்கி நடந்தான்.

"பாத்துடா கண்ணா," என்றாள் மனைவி.

மேல் வீட்டில் ஒரு பெண் "ஐயோ, கண்ணா!" என்று அலறினாள். அலறிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் என் மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு நடுவே மெதுவாகச் சொன்னாள்:

"டிவியை அணைச்சுடுங்க."