குபேர வாசல்

தடாலென்று கடைசிக் கல்லும் சரிந்தது. இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய தேவாலயத்தைக் கல்கல்லாகப் பெயர்த்துவந்து, டெக்சாஸில் கல்யாண மண்டபமாக்கியிருந்தார் ரஞ்சித்குமார். வடக்கு வாசல் மட்டும் கல் வைத்து அடைத்தபடியே வந்து சேர்ந்திருந்தது.

"ஞானஸ்நானத்தப்போ குழந்தைய விட்டுப் பிசாசு வெளிய போறதுக்குத் திறப்பாங்களாம். திரும்பி வராம இருக்கத்தான் அடைச்சாங்களாம்," என்றார் பார்ட்னர் சபரி.

"வடக்கு குபேரன் திசை. இன்னைக்குப் பாப்பாவுக்குப் பேர் வைக்கறோம், அதான் ஓப்பன் பண்ணிட்டேன்," என்றார் ரஞ்சித்குமார்.

விழுந்த கற்களைச் சபரி புரட்டினார். வெளிப்பக்கம் முழுக்க நகக்கீறல்கள். உள்பக்கம் வழவழவென்றிருந்தது. ரஞ்சித்குமார் காலையிலிருந்து வாசலுக்கு வெளியேதான் நின்றிருந்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி பிரீத்தி வெறுங்கையோடு வந்தாள்.

"ஏங்க, இப்பத்தானே உள்ள வந்து என்கிட்டயிருந்து பாப்பாவ வாங்கிட்டுப் போனீங்க... எங்க அவ?"