ஊதிக் காட்டு

"பாட்டில் என்னுதுதான்."

என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

குடியை மறக்க வைக்கும் பிரார்த்தனை இல்லம் அது. ஒரு சொட்டுகூடத் தொடாமல் ஒரு வருஷம் முடித்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அன்றோடு அவருக்கு வருஷம் முடிகிறது. கூட்டிப்போக வந்திருந்தேன். மகள் பள்ளிக்கூடம்கூடப் போகாமல் வீட்டில் காத்திருக்கிறாள்.

காலையில் பிரார்த்தனைக் கூடத்து அலமாரிக்குப் பின்னால் பாதி காலியான பாட்டில் கிடைத்திருக்கிறது. இல்லத்தை நடத்தும் பெரியண்ணன், பதினோரு வருஷமாய்க் குடியை விட்டவர், முப்பது பேரையும் வரிசையில் நிறுத்தினார். சந்தேகம் வந்தால் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பது அங்கே வழக்கம்.

அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

"இவரையும் ஊதச் சொல்லுங்கண்ணே," என்றார் இல்லத்துச் சமையல்காரர்.

"அதான் ஒத்துக்கிட்டான்ல, விடு. விதி விதிதான். மறுபடியும் முதல் நாள்லேருந்து ஆரம்பிக்கணும்," என்றார் பெரியண்ணன்.

"இன்னொரு வருஷமா?" எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அட மனுஷா, ஒரே ஒரு நாள் பொறுக்க முடியலையா? பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இனிமே நீங்க யாரோ, நாங்க யாரோ!"

அவர் தலையே நிமிரவில்லை. நாலு அறை விடலாம் போலிருந்தது.

"கோபப்படாதம்மா. உனக்காகப் பிரார்த்தனை பண்றேன்."

பெரியண்ணன் கிட்டே வந்து, என் தலையில் கை வைத்துக் குனிந்து முணுமுணுக்க ஆரம்பித்தார்.

அவர் வாயிலிருந்து குப்பென்று அடித்தது.

பதினாலு வருஷம் ஒரே கட்டிலில் கிடந்து அனுபவித்த நாற்றம். எனக்கா தெரியாது?

கையைத் தட்டிவிட்டு வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். காதோரம் கெஞ்சினார்.

"சத்தம் போடாதே. அண்ணனை நம்பித்தான் முப்பது பேரும் குடிக்காம இருக்காங்க. அவரே மறுபடி குடியில விழுந்துட்டார்னு தெரிஞ்சா, சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் கடை வாசல்ல நிப்பாங்க."

என் வீட்டுக்காரர் மூச்சில் பற்பசை வாசனைதான் இருந்தது.

கைப்பைக்குள் போன் அடித்தது. மகள்.

"அப்பா கிளம்பிட்டாராம்மா?"

கூடமே என்னைப் பார்த்தது. நான் பெரியண்ணன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இல்லடி. உங்கப்பா மறுபடியும் குடிச்சிட்டார்."