பெரிய தொட்டி

பெரிய தொட்டிக்கு மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே தங்கமீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தது. அவள் உடனே மீன் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"பழைய தண்ணியையும் கலந்தீங்களாம்மா?"

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்."

"அப்போ பொறுத்துப் பாருங்க. சிலது தானா தேறிக்கும்."

ஆபீஸிலிருந்த கணவனிடம் போனில் சொன்னபோது அவன் குரலே இறங்கிவிட்டது. "அதை ஏன் தொட்டே? பாப்பாவுக்கு அந்த மீன்னா உயிராச்சே!"

"பெரிய தொட்டியப் பாத்தா சந்தோஷப்படுவான்னு நெனச்சேங்க."

வாசலில் பள்ளி வேன் வந்து நின்றது. எட்டு வயசுப் பிள்ளைக்குப் பயந்து ஒரு பெரிய மனுஷி கதவைத் திறக்கத் தயங்குவாளா? தயங்கினாள்.

உள்ளே வந்த சிறுமி புதுத் தொட்டியைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சாய்ந்து கிடந்த மீனைத்தான் பார்த்தாள். முகம் வெளுத்துக் கதவோரம் ஒண்டிக்கொண்டாள்.

"கண்ணு, நான் வேணும்னு செய்யலடா..."

"நான்தான்!" சிறுமி விசும்பினாள். "காலைல டப்பாவுல இருந்த தீனி பூராத்தையும் கொட்டிட்டேன். அதுக்காக என்னை ஹாஸ்டல்ல சேர்த்துடாதீங்க, சித்தி."

கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில், அந்தக் குழந்தை அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஹாஸ்டலா? யாருடா சொன்னா?"

"சித்தி வந்தா அனுப்பிடுவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

வெறுப்பில்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்து இத்தனை நாளும் பயந்து செத்தவள், குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

"எங்கேயும் அனுப்ப மாட்டேன்."

இருட்டுவதற்குள் மீன் நிமிர்ந்து நீந்தத் தொடங்கியது. குழந்தையிடம் சொல்லலாம் என்று குனிந்தாள். மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.