விசிறியின் கோணல்

மாசிலாமணி ஆசாரி விமானத்தின் மூக்கில் மாட்ட ஒரு மர விசிறி செதுக்கினார். சாணுக்குச் சாண் சரிவு பார்க்கும் அளவுச்சட்டத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, விசிறி இறக்கையின் நடு அச்சை ஒட்டிய அடியைச் செங்குத்தாகவும் நுனியைக் கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இழைத்து முடித்தார்.

"ஏன்டா இப்படிக் கோணிக்கிட்டு நிக்கிறே? உன்னாலதான் விமானம் விழப்போகுது" என்று நுனி சிரித்தது. அடி தன் சரிவைக் குனிந்து பார்த்துக்கொண்டது. ஆசாரிக்குக் கை தவறிவிட்டதோ?

மறுநாள் காலை விமானம் கிளம்பியது. நுனி பெரிய வட்டம் போட்டு ஓடியது. அடிக்குக் கிடைத்ததோ தட்டளவு வட்டம். அந்தக் குறுகிய இடத்தில் செங்குத்தாக ஏறினால்தான் ஒவ்வொரு சுற்றிலும் நுனியோடு சேர்ந்து அதே அளவு முன்னே போக முடியும். அட, போகவும் முடிந்தது! அடிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

தரையிறங்கியதும் நுனிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "ஒரு சுத்துக்கு நான் எவ்வளவு தூரம் ஓடறேன், தெரியுமா? நீ நின்ன இடத்துலயே சுத்துறே!"

"நிஜந்தான். மலைக்கு நீ ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு போறே, நான் படிக்கட்டுல ஏறுறேன்" என்றது அடி நிம்மதியாக. "ஆமா, என்னைவிட எவ்வளவு தூரம் முந்தி வந்தே?"

நுனி பெருமையோடு பின்னால் திரும்பிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. அடி பக்கத்திலேயே இருந்தது.