பனிநீரில் இறங்கும் குண்டு

பித்தளை வளையத்தில் தாரை ஊற்றி ஆறவைத்து, அதன்மேல் ஓர் எஃகுக் குண்டை வைத்து, பனிக்கட்டி மிதக்கும் கண்ணாடிக் குவளைக்குள் இறக்கினாள் ரெஜினா. இனி நீரைச் சிறிது சிறிதாகச் சூடேற்ற வேண்டும். தார் இளகி, குண்டு அதையும் இழுத்துக்கொண்டு அடித்தட்டைத் தொடும்போது வெப்பமானியைப் பார்த்து, தார் இளகும் சூட்டைக் குறிக்க வேண்டும். ஆனால் அவள் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே குண்டு இறங்கத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்குக் கீழே புதிதாகப் போட்ட சாலைக்கும் இதே தார்தான். அங்கே அவளுக்காகக் காத்திருந்த கணவன் வேதமணியின் கணுக்கால்களைக் காணவில்லை.

"ஏங்க, ரோட்டுல நிக்காதீங்க! ஓரமா வாங்க!"

"ஏட்டி, ஒன் ரோடு என்னய முழுங்கிருமாக்கும்? சீக்கிரம் எறங்கி வா, வயிறு பசிக்குது."

சிரித்தபடியே அவன் முழங்கால்வரை தாருக்குள் போயிருந்தான். பக்கத்தில் அவன் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரங்களும் பாதிதான் தெரிந்தன. அவனுக்கு அது உறைக்கவே இல்லை. ரெஜினா மிச்சமிருந்த பனிக்கட்டியையெல்லாம் குவளையில் கொட்டினாள். குண்டு நிற்கவில்லை. சோதனை நடக்கும்போது யாரும் குவளையைத் தொடக் கூடாது. அவள் கையை உள்ளே விட்டு, தட்டுக்கு நூலளவு மேலே குண்டை விரல்நுனிகளில் தாங்கிப் பிடித்தாள். கீழே, மார்பளவு புதைந்ததோடு, அவனும் இறங்காமல் நின்றான்.

"இன்னுமா முடியல?" என்று அண்ணாந்து கேட்டான்.

ரெஜினா தன் விரல்களைச் சுற்றித் தார் மேலும் இளகி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பனிநீருக்குள் சூடாக இருந்தது அவள் கை மட்டும்தான்.