முளைக்காத பாகல்

“மச்சான், இந்தப் பாகல் விதை முளைக்கவே மாட்டன் எண்டு நிக்கிது. என்ன செய்யிற?”

மனைவி ஸில்மியா வெறும் மண்சட்டியை நீட்டினாள். ஜவாத் நிமிர்ந்தான்.

கட்டாரில் பதினாலு வருசம் உழைத்துவிட்டு, மருதமுனை வீட்டுக்கு வந்து மூன்று மாதம். அங்கிருந்தவரை போனில் சுகம் கேட்பதோடு சரி. அவன் இல்லாமலே நடந்து பழகிய வீடு. மகள் ஹிமாயாவும் எதற்கெடுத்தாலும் உம்மாவைத்தான் தேடுவாள். ‘எனக்கு இஞ்ச என்ன வேலை?’ என்று, திரும்பிப் போக ரகசியமாக ஏஜென்சியில் சொல்லி வைத்திருந்தான்.

இப்போதுதான் முதன்முதலாக அவனிடம் யோசனை கேட்கிறார்கள்.

“பொறு புள்ள” என்று போனில் தேடினான். “தோல் தடிப்பாம். நகவெட்டியால நுனிய நறுக்கோணும். மறுகா சுடுதண்ணியில ஊறப் போடோணும்.”

கேத்தலைத் தூக்கிக் கொதிக்கக் கொதிக்க ஊற்றப் போனான்.

“அவிஞ்சு போகாதா மச்சான்? எனக்கென்னமோ பயமாக் கிடக்கு.”

“ஓம், ஓம். கை பொறுக்கிற சூடு போதும்” என்று அவசரமாகத் திருத்திக்கொண்டான்.

மறுநாள் விதைகளை ஈரத்துணியில் முடிந்தான். “அடுப்படியில வைப்பமா? கணகணப்பா இருக்கும்” என்றாள் அவள்.

“அதைத்தான் சொல்ல வந்தன்.”

நாளுக்கு நாலு தரம் அவிழ்த்துப் பார்த்தான். ஐந்தாம் நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து அவிழ்த்தவன், வீடே அதிரக் கூப்பிட்டான்.

“ஸில்மியா! ஹிமாயா! ஓடி வாங்க!”

பத்து விதையில் ஒன்பதில் வெள்ளை முளை.

“வாப்பா, எனக்கும் சொல்லித் தாங்க. ஸ்கூல் தோட்டத்துல போடுவன்” என்று ஹிமாயா அவன் தோளில் தொங்கினாள்.

“எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்!” என்று ஸில்மியா வாயில் கை வைத்தாள்.

அன்றே ஏஜென்சிக்கு, ‘நான் வரல்ல’ என்று செய்தி அனுப்பினான்.

பின்னேரம் புடலை விதை வாங்கக் கல்முனைக்குப் போனவன், நகவெட்டி விசயத்தைக் கடைக்கார ஸஹீத் காக்காவுக்கும் விளக்கினான்.

அவர் சிரித்தார். “இதை எனக்கே சொல்லித் தந்தது ஒங்கட ஸில்மியாதானே தம்பி! இந்தப் பக்கத்துப் பொம்புளையளுக்கு ஆறு வருசமா தோட்ட வகுப்பு எடுத்தவ. மூணு மாசமா ஆளைக் காணல்ல. ஏன் எண்டு கேட்டா, ‘அவர் திரும்பிப் போற யோசனைய விடட்டும் காக்கா, மறுகா வாறன்’ எண்டா.”